காணாமல் போன காலண்டரும் மாறிப்போன நிகாஹ் தேதியும்



இன்று நம் ஜமாஅத்துகளில் பெரும்பாலான பதிவேடுகள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன. நிகாஹ் பதிவு, சந்தா, மக்தப் மதரஸா மாணவர் பட்டியல், பைத்துல் மால் கணக்கு என எல்லாமே ஒரு எக்ஸெல் கோப்பில் இருக்கின்றன. பல ஊர்களில் அந்தக் கோப்பை மஹல்லாவைச் சேர்ந்த ஒரு படித்த இளைஞர் செய்து கொடுத்திருப்பார். அவர் இப்போது வளைகுடாவில் இருப்பார். கோப்பு ஓடும்வரை பிரச்சினை இல்லை. ஒருநாள் நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிர்வாகிகள் தவிக்கிறார்கள்.

அப்படி நின்றுபோன ஒரு கோப்பைப் பற்றியும், அதைச் சரிசெய்யப் போய் நாம் செய்த ஒரு தவறைப் பற்றியும் இங்கே எழுதுகிறோம். நாம் ஓதியது மதரஸாவில், பட்டம் பெற்றது கலைப்பிரிவில். கம்ப்யூட்டர் நமது துறை அல்ல. ஆகவே துறை சாராத ஒருவரும் செய்யக்கூடிய அளவிலேயே இதை விளக்குகிறோம்.

நடந்தது என்ன?

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் உள்ள நமது மஹல்லாவில், நிகாஹ் விவரங்களைப் பதிய எக்ஸெலில் ஒரு சிறிய படிவம் இருந்தது. மேக்ரோ மூலம் இயங்கும் படிவம் அது. தேதிக்கான இடத்தில் ஒரு மாதக் காலண்டர் விரியும். உரிய நாளைத் தொட்டால் போதும், தேதி பதிவாகிவிடும். ஆபீஸ் 2007 பதிப்பில் உருவாக்கியது.

பழைய கம்ப்யூட்டர் பழுதாகிப் புதியது வாங்கினோம். புதிய ஆபீஸ் மென்பொருளும் வந்தது. கோப்பைத் திறந்து படிவத்தை அழைத்தால், ஒரு பொருளை ஏற்ற முடியவில்லை, அது இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. காலண்டர் இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

நிகாஹ் மாதம். அவசரம். கடையில் கொடுத்தபோது காலண்டரை எடுத்துவிட்டு, தேதியைக் கையால் தட்டச்சு செய்ய ஒரு வெற்றுப் பெட்டியை வைத்துக் கொடுத்தார்கள். படிவம் ஓடியது. நாமும் அல்ஹம்து லில்லாஹ் என்று வேலையைத் தொடர்ந்தோம்.

சில வாரங்கள் கழித்து ஒரு மணப்பெண்ணின் தந்தை அஸருக்குப் பிறகு வந்தார். கையில் நாம் கொடுத்த நிகாஹ் சான்றிதழ். "ஹஜ்ரத், எம்பொண்ணு நிகாஹ் எந்த மாசம் நடந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்று கேட்டார். நிகாஹ் நடந்தது 2023 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. சான்றிதழில் 2023 மே 11 என்று இருந்தது.

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இன்படி, எந்த மதத்தினரின் திருமணமாக இருந்தாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள் அவகாசம் உண்டு. அந்தக் குடும்பம் டிசம்பரிலேயே, உரிய காலத்துக்குள்தான் சென்றது. ஆனால் நமது சான்றிதழின்படி ஏழு மாதம் ஆகிவிட்டது. காகிதம் சொல்வதைத்தான் அலுவலகம் பார்க்கும். அதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை.

சான்றிதழில் இருந்த கையெழுத்து நம்முடையது. படித்துப் பார்க்காமல் போட்டது.

காலண்டர் ஏன் காணாமல் போனது?

அந்தக் காலண்டர் எக்ஸெலின் ஒரு பகுதி என்றுதான் நாம் நினைத்திருந்தோம். உண்மையில் அது ஒரு தனிக் கோப்பு. அதன் பெயர் எம்எஸ்கேல்.ஓசிஎக்ஸ். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளுடன் வந்த இதை, எக்ஸெல் படிவங்களிலும் பலர் பயன்படுத்தினார்கள். 2003 பதிப்பில் 'காலண்டர் கன்ட்ரோல் 11.0' என்றும் 2007 பதிப்பில் 'காலண்டர் கன்ட்ரோல் 12.0' என்றும் பட்டியலில் தெரியும். ஆபீஸ் 2010 முதல் மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது.

நமது எக்ஸெல் கோப்புக்குள் காலண்டர் இல்லை. 'இன்ன காலண்டரை இங்கே கொண்டு வா' என்ற குறிப்பு மட்டுமே இருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் அந்தக் காலண்டர் இல்லாததால் குறிப்பு பயனற்றுப் போகிறது. பதிவுகள் அழியவில்லை. கருவி மட்டுமே இல்லை. இதை முதலில் புரிந்துகொண்டால் பதற்றம் குறையும்.

இதற்கு மாற்றாகப் பலர் பயன்படுத்துவது 'டேட் அண்ட் டைம் பிக்கர்', 'மந்த் வியூ' ஆகிய இரண்டு உறுப்புகள். இவை எம்எஸ்காம்சிடி2.ஓசிஎக்ஸ் என்ற வேறொரு கோப்பில் இருக்கின்றன. ஆனால் இவை 32 பிட் ஆபீஸில் மட்டுமே இயங்கும். ஆபீஸ் 2019 முதல் புதிதாக நிறுவும்போது 64 பிட் பதிப்பே இயல்பாக ஏறுகிறது. அதனால்தான் பழைய கம்ப்யூட்டரில் ஓடிய கோப்பு, புதியதில் ஓடுவதில்லை.

முதலில் நோயைக் கண்டறியுங்கள்

எதையும் தொடும் முன் கோப்பின் நகலை ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நகலில்தான் வேலை செய்ய வேண்டும். அடுத்து, திரையில் வரும் செய்தியைக் கைப்பேசியில் படம் எடுங்கள். வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் தெரிந்தாலும், பிரச்சினை மூன்று வகைப்படும்.

முதல் வகை: மேலே சிவப்புப் பட்டையில், மேக்ரோக்கள் தடுக்கப்பட்டுள்ளன என்ற செய்தி வருவது. இதில் காலண்டர் காணாமல் போகவில்லை. இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த கோப்புகளின் மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் இயல்பாகவே தடுக்கிறது. கோப்பு உங்களுடையதுதான் என்பது உறுதியானால், அதை மூடிவிட்டு, கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து 'பிராப்பர்ட்டீஸ்' சென்று, கீழே உள்ள 'அன்பிளாக்' கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். யார் அனுப்பியது என்று தெரியாத கோப்புக்கு இதைச் செய்யவே கூடாது.

இரண்டாம் வகை: பொருள் இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்ற செய்தி. காலண்டர் கோப்பு இல்லை என்பது இதன் பொருள்.

மூன்றாம் வகை: 'புராஜெக்ட் அல்லது லைப்ரரி கிடைக்கவில்லை' என்ற செய்தி. இதுதான் அதிகம் குழப்பும். தேதியைக் கேட்கும் கட்டளை, எழுத்துகளை வெட்டி எடுக்கும் கட்டளை போன்ற சாதாரண வரிகளில் போய் நின்று, அங்கேதான் தவறு இருப்பதுபோல் காட்டும். அந்த வரியில் ஒரு தவறும் இருக்காது. ஆல்ட், எஃப்11 விசைகளைச் சேர்த்து அழுத்தி மேக்ரோ எழுதும் பகுதியைத் திறங்கள். 'டூல்ஸ்' பட்டியலில் 'ரெஃபரன்சஸ்' என்பதைச் சொடுக்குங்கள். அங்கே 'மிஸ்ஸிங்' என்ற சொல்லுடன் ஒரு பெயர் டிக் செய்யப்பட்டிருக்கும். படிவத்திலிருந்து பழைய காலண்டரை நீக்கிய பிறகு, இந்த டிக்கையும் எடுத்துவிட வேண்டும். காலண்டரை மட்டும் நீக்கிவிட்டு டிக்கை விட்டுவைத்தால் பிழை தொடரும்.

அடுத்து, உங்கள் ஆபீஸ் எத்தனை பிட் என்று பாருங்கள். எக்ஸெலில் 'ஃபைல்', 'அக்கவுன்ட்', 'அபவுட் எக்ஸெல்' என்று சென்றால் முதல் வரியிலேயே 32 பிட் அல்லது 64 பிட் என்று இருக்கும். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் ஆபீஸ் 32 பிட்டாக இருக்கலாம். பார்க்க வேண்டியது ஆபீஸைத்தான்.

32 பிட் ஆபீஸ் என்றால்

எம்எஸ்காம்சிடி2 கோப்பை நிறுவிப் பயன்படுத்த முடியும். 64 பிட் விண்டோஸில் அதை 'சிஸ்வாவ்64' என்ற அடைவிலும், 32 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' அடைவிலும் வைத்து, நிர்வாகி உரிமையுடன் 'ரெக்எஸ்விஆர்32' என்ற கட்டளையால் பதிவு செய்ய வேண்டும். 64 பிட் அடைவுக்கு 32 என்றும் 32 பிட் அடைவுக்கு 64 என்றும் பெயர் இருப்பது தவறல்ல. விண்டோஸில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இங்கேதான் பலர் தவறான இடத்தில் கோப்பை வைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. தேடுபொறியில் தட்டினால் இந்தக் கோப்பை இலவசமாகத் தருவதாகப் பல தளங்கள் வரும். முகவரி தெரியாத இடத்திலிருந்து இத்தகைய கோப்பை இறக்கி நிர்வாகி உரிமை கொடுப்பது, முன்பின் தெரியாதவரிடம் பள்ளிவாசல் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். மஹல்லா மக்களின் பெயர், முகவரி, ஆதார் நகல் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கின்றன!

இன்னொன்று. இப்படி நிறுவினாலும் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் வேலை செய்யும். செயலாளர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் மதரஸா கம்ப்யூட்டருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அடுத்த கம்ப்யூட்டர் வாங்கும்போது இதே கதை மீண்டும் தொடங்கும்.

64 பிட் ஆபீஸ் என்றால்

பழைய காலண்டரைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியில் நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிக்கோப்பு எதையும் நம்பாத ஒரு தேதி முறையைக் கோப்புக்குள்ளேயே அமைத்துக்கொள்வதுதான் நிரந்தரத் தீர்வு. 32 பிட் வைத்திருப்பவர்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறோம்.

எளிய வழி, மூன்று கீழ்விரி பட்டியல்கள். நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஒன்று. மாதப் பட்டியலில் எண்ணுக்குப் பதிலாக ஜனவரி, பிப்ரவரி என்று பெயராகவே எழுதிவிடுங்கள். தேர்ந்தெடுத்த மூன்றையும் 'டேட்சீரியல்' என்ற கட்டளை ஒரே தேதியாக இணைத்துத் தரும். இதற்கு ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுப்பதால், எது நாள், எது மாதம் என்று எக்ஸெல் ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒரு கவனம் மட்டும் தேவை: 2024 பிப்ரவரி 30 என்று கொடுத்தால் அது மறுக்காது, மார்ச் 1 என்று ஆக்கிவிடும். எனவே இணைத்த பிறகு, வந்த தேதியின் நாளும் நாம் தேர்ந்தெடுத்த நாளும் ஒன்றுதானா என்று சரிபார்க்கும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

காலண்டர்போலவே வேண்டும் என்றால், படிவத்தில் 42 சிறிய பொத்தான்களை வைத்து ஒரு மாதக் காலண்டரை உருவாக்கலாம். ஒரு வாரத்துக்கு ஏழு என ஆறு வரிசை. 31 நாள் கொண்ட மாதம் சனிக்கிழமை தொடங்கினால் ஆறாவது வரிசை வரை போகும் என்பதால்தான் இந்த 42. மேக்ரோ தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஓரிரு நாளில் செய்துவிடக்கூடிய வேலை. கோப்பு எங்கே போனாலும் காலண்டரும் கூடவே போகும்.

பணித்தாளிலேயே பதிக்கப்பட்ட ஆக்டிவ்எக்ஸ் உறுப்புகளையும் இனி நம்பியிருக்க வேண்டாம். ஆபீஸ் 2024 பதிப்பிலும், 2025 ஏப்ரல் முதல் மைக்ரோசாஃப்ட் 365 பதிப்பிலும் அவை இயல்பாகவே முடக்கப்பட்டிருக்கின்றன.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

நமது மஹல்லாவில் நடந்த தவறு காலண்டர் காணாமல் போனதால் நேரடியாக வந்ததல்ல. அதன் இடத்தில் அவசரமாக வைத்த வெற்றுப் பெட்டியால் வந்தது.

எக்ஸெல் தேதியைத் தேதியாக வைத்திருப்பதில்லை. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று எனக் கொண்டு எண்ணி வரும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 2023 நவம்பர் 5 என்பது அதற்கு 45235. பெட்டியில் நாம் 05/11/2023 என்று தட்டச்சு செய்தோம். நமக்கு அது நவம்பர் 5. ஆனால் மேக்ரோ அதை வெறும் எழுத்தாகவே எடுத்து எக்ஸெல் கட்டத்தில் போட்டது. மேக்ரோ வழியாக அப்படி எழுத்தாக வரும் தேதியை எக்ஸெல் அமெரிக்க முறைப்படி, மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. ஐந்தாவது மாதம், 11-ஆம் நாள். மே 11. அதன் எண் 45057. ஒரே நொடியில் 178 நாள் பின்னே போய்விட்டது.

இதில் மோசமானது எது தெரியுமா? எல்லாத் தேதியும் மாறாது. 25/11/2023 என்று கொடுத்தால் 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் இந்தக் குழப்பம் வராது. சரியாகப் பதிவாகும், அல்லது வெறும் எழுத்தாக நிற்கும். மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் இடமாற்றம் நடக்கும். அதிலும் 07/07 போல நாளும் மாதமும் ஒன்றாக இருந்தால் தெரியாது. கணக்கிட்டால் ஆண்டுக்கு 132 நாட்கள் இப்படி மாறக்கூடியவை. சோதனைக்கு இரண்டு மூன்று தேதிகளைப் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று நாம் ஏமாந்தது இதனால்தான்.

ஏற்கெனவே பதிந்தவற்றைச் சரிபார்ப்பது எப்படி?

உங்கள் ஜமாஅத் கோப்பிலும் காலண்டர் போய் வெற்றுப் பெட்டி வந்திருந்தால், இன்றே இவற்றைப் பாருங்கள்.

நிகாஹ் பதிவு வரிசை எண்படி நடக்கும். தேதியும் அதே வரிசையில் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஒன்று பின்னே போனாலோ முன்னே தாவினாலோ அது சந்தேகத்துக்குரியது. இன்னும் வராத தேதி ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீங்களாக எந்த மாற்றமும் செய்யாத கட்டத்தில், உண்மையான தேதி வலப்பக்கம் ஒட்டி நிற்கும். எழுத்தாகப் பதிவானது இடப்பக்கம் ஒட்டி நிற்கும். இடப்பக்கம் நிற்பவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டத்தின் வடிவமைப்பை மட்டும் மாற்றித் தவறைத் திருத்த முடியாது. உள்ளே இருக்கும் எண்ணே தவறு என்பதால், தேதியை மீண்டும் பதிய வேண்டும். திருத்திய பின், மாதம் பெயராகத் தெரியும்படி வடிவமைப்பை வையுங்கள். 05-நவம்பர்-2023 என்று இருந்தால் யாரும் தவறாகப் படிக்க வழியில்லை.

கடைசியாக, கையெழுத்து தஃப்தருடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். நம்மைக் காப்பாற்றியது அதுதான். அந்தப் பெண்ணின் நிகாஹ் தஃப்தரில் ஆங்கிலத் தேதியுடன் ரபீஉல் ஆகிர் என்று ஹிஜ்ரி மாதமும், ஞாயிறு என்று கிழமையும் எழுதியிருந்தோம். 2023 மே 11 ஷவ்வாலில் வருவது, அன்று வியாழக்கிழமை. ஆக, எது சரி என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. தஃப்தரின் நகலுடன் திருத்திய சான்றிதழ் கொடுத்தோம். தவறு நம்முடையது என்று எழுதி, முத்தவல்லியும் நாமும் கையெழுத்திட்டோம். பதிவும் முடிந்தது. ஆனால் அந்தத் தந்தை இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்ததற்கு நாம்தான் பொறுப்பு. அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

அன்று முழுப் பதிவையும் ஒப்பிட்டதில், அதே பெட்டி வழியாக வந்த வேறு சில தேதிகளும் மாறியிருந்தது தெரிந்தது. அந்தக் குடும்பங்களை நாமே அழைத்துச் சான்றிதழை மாற்றிக் கொடுத்தோம். தவறை யாரும் கவனிக்கவில்லை என்பதற்காகச் சத்தமில்லாமல் திருத்திவிடுவது சரியல்ல. கொடுத்த காகிதம் அவர்கள் கையில் இருக்கிறது.

ஹிஜ்ரி தேதியை எக்ஸெலிடம் கேட்கலாமா?

எக்ஸெலிலும் மேக்ரோவிலும் ஹிஜ்ரி காலண்டர் வசதி இருக்கிறது. ஆனால் அது பிறை பார்த்துச் சொல்வதல்ல. 30 ஆண்டுச் சுழற்சியில் 19 ஆண்டுகளுக்கு 354 நாள், 11 ஆண்டுகளுக்கு 355 நாள் என்று வகுத்துக்கொண்ட கணக்கு. தமிழ்நாடு அரசின் தலைமை காஜி பிறை அறிவிக்கும் தேதிக்கும் அதற்கும் ஒரு நாள் வேறுபடலாம். எனவே தோராயமாக மாதத்தைச் சரிபார்க்க அதைப் பயன்படுத்தலாம். நிகாஹ் தஃப்தரில் எழுத, இத்தா கணக்கிட, நோன்பையும் பெருநாளையும் முடிவு செய்ய அதைச் சார்ந்திருக்கக் கூடாது.

ஜகாத் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஜகாத் நாளுக்கு எக்ஸெலில் 365-ஐக் கூட்டாதீர்கள். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு. அப்படியே 33 ஆண்டுகள் போனால் ஓர் ஆண்டின் ஜகாத்தே விடுபட்டுப் போகும்.

தேதி ஓர் அமானத்

தவணைக்குக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிக்கொள்ளுமாறும், எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும் என்றும் சூரா அல்பகராவின் 282-ஆம் வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். குர்ஆனின் மிக நீண்ட வசனம் அது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில், ஷஅபானில் தர வேண்டியது என்று எழுதிய ஒரு கடன் பத்திரம் வந்தபோது, எந்த ஷஅபான், சென்றதா, இப்போதுள்ளதா, வரப்போவதா என்று அவர்கள் கேட்டதாக வரலாற்றில் காண்கிறோம். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கு ஏற்படக் காரணமான நிகழ்வுகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுவார்கள். தேதியில் தெளிவில்லை என்றால் மக்களின் உரிமை தொலைந்துவிடும் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

காலண்டர் கன்ட்ரோல் இருந்தாலும் போனாலும் பதிவேடு நம் பொறுப்பில் உள்ள அமானத். கோப்பைச் சரிசெய்யுங்கள். அதன் மேக்ரோ எப்படி இயங்குகிறது என்று உங்கள் மஹல்லாவில் குறைந்தது இருவருக்காவது கற்றுக் கொடுங்கள். கையெழுத்து தஃப்தரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். அதில் ஆங்கிலத் தேதி, ஹிஜ்ரி தேதி, கிழமை மூன்றையும் எழுதுங்கள். சான்றிதழைக் கொடுக்கும் முன் தஃப்தருடன் ஒப்பிட்டு, சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். இப்போது நமது மஹல்லாவில் அப்படித்தான் செய்கிறோம். ஒரு நிமிடம்தான் ஆகிறது.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்துகளை முறையாகப் பேணும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம் தவறுகளை மன்னிப்பானாக! ஆமீன்.